கண்ணாடிச் சாளரமும் ஐப்பசி மழையும்

வீடு கட்டுவோர் வெயிலை எண்ணிச் சுவர் எழுப்புகிறார்கள். காற்றை எண்ணிச் சாளரம் வைக்கிறார்கள். மழையை எண்ணிக் கூரை போடுகிறார்கள். கூரை செம்மையாக அமைந்துவிட்டால் மழைக்குரிய பாதுகாப்பு முடிந்துவிட்டது என்பது பலருடைய நம்பிக்கை. நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். முப்பது ஆண்டுக்காலம் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். நீரின் இயல்பையும் காற்றின் அழுத்தத்தையும் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியவன். அவை இரண்டும் ஒன்றுகூடி என் வீட்டுக் கூடத்திற்குள் வந்து நின்றபோதுதான், கற்பித்த பாடத்தை நானே முழுதும் கற்கவில்லை என்பது எனக்கு விளங்கிற்று. அந்த அநுபவத்தையே மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அருகே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது கருங்குழி. 18ஆம் நூற்றாண்டில் நடந்த கர்நாடகப் போர்களில் பேசப்பட்ட கோட்டை ஒன்று இவ்வூரில் இருந்தது. இன்று வயலும் ஏரியும் பனைமரமுமே ஊரின் அழகு. கிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரத்துக் கடற்கரை. வங்கக்கடலில் எழும் புயற்காற்றைத் தடுத்து நிறுத்தும் மலைத்தொடர் எதுவும் இடையில் இல்லை.

நான் ஓய்வு பெற்றபின் 2022ஆம் ஆண்டு இவ்வூரில் ஒரு வீடு கட்டினேன். என் அன்னையார் எண்பது வயதைக் கடந்தவர், நடமாட்டம் குறைந்தவர். கட்டிலில் படுக்க அவருக்கு விருப்பமில்லை. தரையில் பாய் விரித்துப் படுப்பதே பழக்கம். தரையில் படுத்திருப்பவருக்கு, இடுப்பளவு உயரத்தில் வைத்த சாளரத்தின் வழியே வானம் மட்டுமே தெரியும். ஊர் ஏரியும், மாலையில் வேடந்தாங்கல் நோக்கிப் பறக்கும் பறவைகளும், வயலில் நடப்போரும் அவர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று விரும்பினேன். ஆகவே கூடத்தின் கிழக்குச் சுவரில், தரைமுதல் தளம்வரை ஒன்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிச் சாளரம் அமைத்தேன். அதன் வெளியே, உள்தரையின் மட்டத்திலேயே ஒரு மேடையும் அமைந்தது. உள்ளும் புறமும் ஒன்றே போலத் தோன்றும் என்று கட்டியவர் சொன்னார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

இத்தகைய பெரிய கண்ணாடி நம் பாட்டனார் காலத்தில் எளிதில் கிடைக்காத பொருள். உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, இருபுறமும் சமமான தகடுகளாக எடுக்கும் முறையை இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் என்பவர் 1950-களில் வகுத்தார். 1959-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000ஆம் ஆண்டுமுதல் இம்முறையில் கண்ணாடி செய்கிறார்கள். கண்ணாடி மலிந்தது, சாளரமும் வளர்ந்தது. ஆனால் சாளரம் வளர்ந்த அளவுக்கு மழையைப் பற்றிய நம் அறிவு வளர்ந்ததா என்பதுதான் கேள்வி.

நம் முன்னோர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்து இறங்கிய ஓட்டுக்கூரை; அதன் நிழலில் திண்ணை; திண்ணைக்குப் பின்னே சுவர்; அச்சுவரில் சிறிய சாளரம். சாய்ந்தடிக்கும் மழையும் திண்ணையின் விளிம்போடு நின்றுவிடும். நிலைப்படி ஒரு சாண் உயர்ந்திருக்கும். தெருவில் ஓடும் நீர் அதைத் தாண்டாது. வீட்டின் நடுவிலோ வானத்தை நோக்கித் திறந்த முற்றம். மழை நேராக வீட்டுக்குள்ளேயே கொட்டும். எனினும் கூடம் நனையாது. முற்றம் தாழ்ந்திருக்கும், அதன் மூலையில் நீர் வெளியேற வழி இருக்கும். மழையை அவர்கள் எதிர்க்கவில்லை. வந்த நீர் எந்த வழியே போகவேண்டும் என்பதை முன்னதாகவே அமைத்துவைத்தார்கள். மாமல்லபுரத்து மண்டபங்களின் முகப்பில் வெளிநோக்கி வளைந்திருக்கும் கொடுங்கையும் இக்கருத்தையே கல்லில் காட்டுவது. மேலே விழும் நீரைச் சுவரில் வழியவிடாமல் அது அப்பால் தள்ளிவிடுகிறது.

என் வீட்டில் திண்ணையும் இல்லை, கொடுங்கையும் இல்லை, உயர்ந்த நிலைப்படியும் இல்லை. ஐப்பசியில் முதல் பெருமழை வந்தது. சாளரத்தின் கீழ்மூலையில் ஒரு கையகலம் ஈரம் கண்டேன். உடனே கடைக்குச் சென்று சிலிகோன் பசைக் குழாய்கள் வாங்கிவந்தேன். அலுமினியச் சட்டத்தின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரிந்த இடுக்குகளையெல்லாம் பசையிட்டு அடைத்தேன். கீழ்ச்சட்டத்தில் வரிசையாகச் சில சிறு துளைகள் இருந்தன. நீர் புகுவது இவற்றின் வழியேதான் என்று முடிவு செய்து அவற்றையும் அடைத்துவிட்டேன். வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, மாண்டஸ் என்னும் புயல் மாமல்லபுரத்திற்கு அருகே கரையைக் கடந்தது. நள்ளிரவில் அன்னையார் அழைக்கும் குரல் கேட்டு ஓடிவந்தேன். கூடத்தில் கணுக்கால் நனையும் அளவு நீர். அவருடைய பாயும் போர்வையும் மிதந்தன. எழ முயன்றவர் வழுக்கி, சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். சுவரின் அடியில், தரைக்குச் சற்றே மேலே, மின்சாரப் பொருத்துவாய் ஒன்று இருந்தது. நீர் அதைத் தொட இன்னும் இரண்டு விரற்கடையே இருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அவரைத் தூக்கி உள்ளறையில் கிடத்தினேன். அன்றிரவு முழுவதும் நீரை வாரி இறைத்தோம். பொழுது விடிந்ததும், இந்தச் சாளரத்தைச் செங்கல் வைத்து மூடிவிடுவது என்று தீர்மானித்தேன். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஏரி இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செங்கல் வைப்பதற்காக ஊரிலிருந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் சாளரத்தைச் சுற்றிவந்து பார்த்தார். துளைகளில் நான் வைத்த பசையை நகத்தால் நெம்பினார். உள்ளே தேங்கியிருந்த நீர் மேடையின்மேல் வழியத் தொடங்கியது.

“ஐயா, ஏரி நிரம்பும் காலத்தில் கலங்கலை மண்போட்டு அடைப்பார்களா?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மதுராந்தகம் ஏரியைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்தில், உடையவிருந்த கரையை இராமபிரான் காத்தருளினார் என்பது மக்கள் வழங்கும் வரலாறு. ஏரி காத்த இராமர் என்ற பெயரே அதனால் வந்தது. ஏரிகளோடு வாழும் எங்கள் பக்கத்தார்க்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். ஏரிக்குக் கரை மட்டும் போதாது. மிகுந்த நீர் வெளியேறக் கலங்கலும் வேண்டும். நான் அடைத்த துளைகளே என் சாளரத்தின் கலங்கல்.

அன்றுமுதல் சில வாரங்கள் மீண்டும் மாணவனானேன். ஒரு சுவருக்குள் மழைநீர் புகவேண்டுமானால் மூன்று சேரவேண்டும்: நீர் இருக்கவேண்டும், இடுக்கு இருக்கவேண்டும், நீரை அவ்விடுக்கின் வழியே செலுத்தும் விசை இருக்கவேண்டும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் நீர் புகாது. இடுக்கை மட்டும் நீக்க முயல்வதே நம்மிற் பலர் செய்யும் பிழை. எந்தப் பசையும் எல்லா இடுக்கையும் எல்லாக் காலத்திலும் அடைத்திராது. விசைகளை அறிந்தால்தான் வழி பிறக்கும். அவ்விசைகள் ஐந்து.

முதலாவது புவியீர்ப்பு. நீர் தாழ்ந்த இடத்தை நாடும். வெளிமேடை உள்தரைக்குச் சமமாகவோ உள்நோக்கிச் சாய்ந்தோ இருந்தால் நீர் அழையாமலே வீட்டுக்குள் வரும்.

இரண்டாவது, மழைத்துளியின் வேகம். காற்றோடு சாய்ந்து வரும் துளி நேரான இடுக்கில் அம்புபோல் பாயும். மேடையில் விழுந்து தெறிக்கும் துளியும் அவ்வாறே.

மூன்றாவது பரப்பிழுவிசை. செம்பைச் சாய்த்து நீரை மெதுவாக ஊற்றினால், அது நேராக விழாமல் செம்பின் வெளிப்புறத்தை ஒட்டியே வழிவதைப் பார்த்திருப்பீர்கள். சன்ஷேடின் விளிம்புக்கு வந்த மழைநீரும் இப்படியே அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு சுவர்வரை நடந்துவரும்.

நான்காவது நுண்புழை ஏற்றம். இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரு பக்கம் ஒட்டியும், மறுபக்கம் ஒரு தீக்குச்சியால் பிரித்தும் வைத்துச் சாயநீரில் நிறுத்துங்கள். அகன்ற பக்கத்தில் நீர் சிறிதே ஏறும். குறுகிய பக்கத்தில் உயர ஏறும். கணக்கிட்டால், 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நீர் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் ஏறும். அரை மில்லிமீட்டரில் 30 ஏறும். 5 மில்லிமீட்டரில் மூன்றே மில்லிமீட்டர்தான். ஆகவே, குறுகிய இடுக்கு பாதுகாப்பானது என்று எண்ணுவது தவறு. சில இடங்களில் இடைவெளியை அகலமாக்குவதே நீரைத் தடுக்கும் வழியாகும்.

ஐந்தாவதும் வலியதும் காற்றழுத்தம். வீசும் காற்று ஒரு சுவரால் தடுக்கப்படும்போது அதன்மேல் அழுத்தம் உண்டாகிறது. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கொண்டு, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அவ்வழுத்தம் பாஸ்கல் அளவில் கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். அழுத்தம் 240 பாஸ்கல். இது 24 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கவல்லது. மாண்டஸ் புயல் கரையைக் கடக்கையில் காற்றின் வேகம் ஏறத்தாழ இவ்வளவே. என் சாளரத்தின் கீழ்ச்சட்டத்தில் உள்விளிம்பின் உயரம் 20 மில்லிமீட்டர்.

இதன் பொருளைப் பாருங்கள். சட்டத்திற்குள் சேர்ந்த நீர் துளைகளின் வழியே வெளியேற முனைகிறது. வெளியிலிருந்து காற்று அதைத் தடுக்கிறது. சட்டத்தினுள் நீர் 24 மில்லிமீட்டர் உயர்ந்தால்தான் அத்தடையை வென்று வெளியேற முடியும். 20 மில்லிமீட்டரிலேயே அது உள்விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் வழிந்துவிடும்! துளைகளையும் அடைத்துவிட்ட எனக்கு வேறென்ன கிடைக்கும்? நம் கட்டட விதிகளில் சென்னைப் பகுதிக்குக் குறித்த அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். அதற்குரிய நீருயரம் 150 மில்லிமீட்டருக்கும் அதிகம். பழைய வீடுகளின் ஒரு சாண் நிலைப்படி எத்தகைய அநுபவ அறிவு என்பது அப்போதுதான் எனக்குப் புலனாயிற்று.

நோயை அறிந்தபின் மருந்து எளிதாயிற்று. கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1963-இல் கட்டட அறிவு பரப்பும் தன் வெளியீடு ஒன்றில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறது. சுருக்கம் இதுதான்: மழைக்கு ஒரு தடை, காற்றுக்கு வேறொரு தடை, இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அறை. வெளித்தடை மழைத்துளிகளைத் தடுக்கும். நடுவறை துளைகளால் வெளிக்காற்றோடு தொடர்பு கொண்டிருப்பதால், அங்கும் வெளியேயுள்ள அழுத்தமே நிலவும். ஆகவே நீரை உள்ளே தள்ளும் விசை இராது. மீறிப் புகுந்த சிறிது நீரும் அத்துளைகளின் வழியே வடிந்துவிடும். காற்றை உள்ளே விடாத இறுக்கமான அடைப்பு அமையவேண்டிய இடம் உட்பக்கம். நானோ வெளிப்பக்கத்தை இறுக அடைத்து, உட்பக்கத்தை நெகிழவிட்டிருந்தேன்.

2023 கோடையில் சாளரம் முழுவதையும் கழற்றினோம். முதலில் வெளிமேடையை இடித்து, உள்தரைக்கு 150 மில்லிமீட்டர் தாழ்த்தி, வெளிநோக்கி ஐம்பதுக்கு ஒன்று என்னும் வாட்டத்தில் அமைத்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு குவளை நீரை ஊற்றி, அது தயங்காமல் ஓடுகிறதா என்று கொத்தனார் ஒவ்வோர் இடத்திலும் சோதித்தார்.

அடுத்தது சட்டம் அமரும் அடிக்கட்டு. அதை முறத்தைப்போல் அமைக்கவேண்டும். முறத்திற்கு மூன்று பக்கம் விளிம்பு உயர்ந்திருக்கும்; ஒரு பக்கம் திறந்திருக்கும். அடிக்கட்டிலும் உட்பக்கமும் இரு ஓரங்களும் உயர்ந்து, வெளிப்பக்கம் தாழ்ந்து திறந்திருந்தது. அதன்மேல் ரப்பரைப்போல் நெகிழும் நீர்புகாப் பூச்சை இருமுறை பூசி, மூலைகளில் கண்ணாடியிழை வலையைப் பதித்தோம். மேலே உள்ள சட்டம் என்றேனும் ஒழுகினாலும், நீர் இந்த முறத்தில் விழுந்து வெளியேதான் போகும். பூச்சு உலர்ந்தபின், திறந்த பக்கத்தில் களிமண் வரப்பு வைத்து, ஒரு நாள் முழுதும் நீர் தேக்கிப் பார்த்தோம். நீர்மட்டம் இறங்கவில்லை, உட்சுவரில் ஈரமும் இல்லை. அதன்பின்னரே சட்டத்தை ஏற்றினோம். முறத்தில் ஆணி அடித்துத் துளை செய்யக்கூடாது என்பதால் சட்டத்தை ஓரச் சுவர்களிலேயே பிணைத்தோம்.

புதிய கீழ்ச்சட்டத்தின் உள்விளிம்பு 50 மில்லிமீட்டர் உயரமானது. மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகக் காற்றுவரை அவ்வுயரமே காக்கும். அதற்கு மேற்பட்ட காற்றுக்கு உட்பக்கத்தில் சுற்றிலும் ஓடும் ரப்பர்ப் பட்டைகள் காவல். வடிதுளைகள் திறந்தே இருக்கின்றன. எறும்பும் மண்ணும் அடைக்காதபடி ஒவ்வோர் ஆவணியிலும் அவற்றைத் துப்புரவு செய்கிறேன்.

சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே பசை இடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெயிலில் எல்லாப் பொருளும் ஒரே அளவில் நீள்வதில்லை. 3 மீட்டர் நீளமுள்ள அலுமினியம், வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடியும் கான்கிரீட்டும் அதில் பாதியளவோ அதற்குக் குறைவாகவோதான் நீளும். இந்த இழுபறியில் மெல்லிய பசை பிய்ந்துபோகும். ஆகவே 12 மில்லிமீட்டர் அகலமுள்ள இடைவெளி விட்டு, அதனுள் நுரைக்கயிற்றைச் செருகி, அதன்மேல் 6 மில்லிமீட்டர் கனத்திற்குப் பசை இட்டோம். பசை இரு பக்கங்களை மட்டுமே பற்றவேண்டும். பின்புறத்தையும் பற்றினால் ரப்பர்போல் நீண்டு சுருங்க இயலாமல் கிழிந்துவிடும். மேலே இரண்டரை அடி நீட்டிச் சன்ஷேடு போட்டு, அதன் அடிப்பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஒரு காடி எடுத்தோம். ஒட்டிக்கொண்டு வரும் நீர் அக்காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கண்ணாடியையும் மாற்றினோம். தரைவரை வரும் கண்ணாடி பதப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். உடைந்தாலும் அது வாள்போன்ற துண்டுகளாகாமல் சிறு மணிகளாகச் சிதறும்.

இறுதியாகச் சோதனை. தோட்டத்துக் குழாயால் நீர் பாய்ச்சும்போது கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் உயரத்திலும் பத்து நிமிடமேனும் நின்று, மெல்ல மேலே செல்லவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கும் நீர் வழியும். எந்த இடம் ஒழுகுகிறது என்பது தெரியாது. ஒரு சோதனையில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றுக என்று ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குச் சொல்வது இதுவே.

இத்துன்பம் என் ஒருவனுடையது அன்று என்பது எனக்கு ஓர் ஆறுதல். பாரிஸ் நகருக்கு அருகே பொய்சி என்னும் ஊரில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1931-இல் முடித்த சவாய் மாளிகை, நவீனக் கட்டடக் கலையின் சிகரங்களில் ஒன்று. அதன் உரிமையாளர் அம்மையாரோ மழை ஒழுகுவதைப் பற்றி அவருக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. மாறாக, நம் புதுச்சேரியில் அந்தோனின் ரேமண்ட் என்பவர் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வரைந்த கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். 1930-களின் இறுதியில் தொடங்கி 1940-களில் நிறைவுற்ற கட்டடம் அது. வடக்கும் தெற்கும் நோக்கிய முகப்பு முழுவதும் தரைமுதல் மேல்வரை திறப்புத்தான். ஆனால் அங்கே கண்ணாடி இல்லை. திருப்பக்கூடிய கிடைச்சட்டங்கள் வரிசையாக நின்று, காற்றை விட்டு மழையைத் தடுக்கின்றன. முன்னதில் வடிவம் முந்தியது. பின்னதில் வானிலை முந்தியது.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் ஊரிலும் பெருமழை. நான் உறங்கவில்லை. கையில் விளக்கோடு சாளரத்தின் அருகே அமர்ந்திருந்தேன். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் திரைபோல் வழிந்தது. கீழே வடிதுளைகளிலிருந்து சிறு நூல்களாக நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உட்பக்கத்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. விடியும் வேளையில் அன்னையார் பாயில் படுத்தபடியே கண்விழித்து, “ஏரி நிரம்பியிருக்குமா?” என்று கேட்டார். சாளரத்தின் பக்கம் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தேன். மழைக்கு அப்பால், நிரம்பிய ஏரியின் வெண்மை அவருக்கும் தெரிந்தது.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் பொறியாளர்களாவீர்கள். பெரும்பாலோர் ஒரு வீடாவது கட்டுவீர்கள். அப்போது கட்டுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “நீர் புகாமல் என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “புகுந்த நீர் எந்த வழியே வெளியே போகும்?” என்றும் கேளுங்கள். அதற்கு விரலால் சுட்டிக்காட்டி விடை சொல்லக்கூடியவர் கட்டிய வீட்டில் நீங்கள் ஐப்பசி மழையிலும் அமைதியாக உறங்கலாம்.